வீவக வேலைக்குத் தகுதிபெறுவது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டுமானத் தொழிலில் இருக்கும் நம்மவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீவக வேலை எடுக்கணும்னா யாரைப் பார்க்கணும்?" என்பதுதான் அது. சாயம் அடிப்பவர் கேட்கிறார். ஓடு பதிப்பவர் கேட்கிறார். மின்கம்பி வேலை செய்பவர் கேட்கிறார். தொலைக்காட்சியில் முகம் தெரிவதால் எனக்குப் பெரிய இடத்தில் ஆள் பழக்கம் இருக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

நேயர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் செய்த வேலைகளுக்கு அங்கே எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். இல்லையென்றால், உங்களுக்கு எவ்வளவு வேலை தெரிந்திருந்தாலும், வாசலுக்கு வெளியேதான் நிற்கிறீர்கள்.

ஏன் இத்தனை சோதனை?

முதலில், இந்த வாசலில் ஏன் காவல் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி தொடங்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டுகளில் கட்டியது ஏறத்தாழ 23,000 வீடுகள். திரு லிம் கிம் சானைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய வீவக, முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டிவிட்டது. இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் இருக்கின்றன. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்றிரவு தூங்கப் போவது அப்படி ஒரு வீட்டில்தான்.

ஆக, அந்த வேலையை எடுக்கும் குத்தகையாளர் நம் தலைக்கு மேலிருக்கும் கூரைக்குப் பொறுப்பேற்கிறார். அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 2021 ஆகஸ்டில் பார்த்தோம். கொவிட்-19 காலத்தில் ஊழியர் பற்றாக்குறை, பொருள் விலையேற்றம் எல்லாம் சேர்ந்து நெருக்கிய நேரத்தில், கிரேட்எர்த் குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள் தங்களால் தொடர முடியாது என்று வீவகவிடம் சொல்லிவிட்டன. ஐந்து பிடிஓ திட்டங்கள் நின்றன. ஏறத்தாழ 3,000 வீடுகள். சாவிக்காகக் காத்திருந்த அத்தனை குடும்பங்களும் கலங்கின. வீவக வேறு குத்தகையாளர்களைத் தேடி நியமிக்க வேண்டியதாயிற்று.

தகுதிச் சோதனையைத் தாண்டி வேலை எடுத்த நிறுவனங்களுக்கே இந்த நிலை. சோதனையே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்ற கவலை இன்று நேற்று வந்ததில்லை.

மூன்று வாசல்கள்

"வீவக வேலை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் வீவகவே. புதிய அடுக்குமாடிகளைக் கட்டுவது, பழைய வீடுகளின் உட்புறத்தைச் சீர்செய்யும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் போன்றவை அதன் கையில் இருக்கின்றன. புதிய பிடிஓ கட்டடங்களின் குத்தகைத் தொகை பெரும்பாலும் மிகப் பெரியது. அங்கே முதன்மைக் குத்தகையாளராக நிற்பவர்கள் ஏணியின் மேல்படியில் இருப்பவர்கள்.

இரண்டாம் வாசல் நகர மன்றங்கள். 1988ஆம் ஆண்டு நகர மன்றச் சட்டம் வந்த பிறகு, புளோக்குகளின் பொது இடங்களைப் பராமரிப்பது அவற்றின் பொறுப்பு. சுவருக்குச் சாயம் பூசுவது, கசிவை அடைப்பது, கூரையைப் பழுதுபார்ப்பது, மூடப்பட்ட நடைபாதை அமைப்பது எல்லாம் இங்கேதான் வரும். சிறு, நடுத்தரக் குத்தகையாளர்களுக்கு ஏற்ற வாசல் இதுதான். ஆனால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாம் வாசல் குடியிருப்பாளர்கள். வீவக வீட்டின் உள்ளே புதுப்பிப்பு வேலை செய்ய வேண்டுமானால், குத்தகையாளர் வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். இது தனி அனுமதி. இந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் வீவகவின் கட்டுமான ஏலக்குத்தகையிலோ நகர மன்ற ஏலக்குத்தகையிலோ கலந்துகொள்ள முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நான்தான் வீவகவில் பதிந்திருக்கிறேனே, ஏன் என்னைச் சேர்க்கவில்லை?" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாசல்களுக்கும் பெரும்பாலும் ஒரே சாவிதான். அது கட்டட, கட்டுமான ஆணையத்தின் குத்தகையாளர் பதிவு முறை.

ஏணியும் அதன் படிகளும்

பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகையில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இதில் வேலை வகைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பொதுக் கட்டட வேலைக்கு சிடபிள்யூ01. பொதுப் பொறியியல் கட்டுமானத்துக்கு சிடபிள்யூ02. பழுதுபார்ப்பு, சாயப்பூச்சு போன்றவற்றுக்கு சிஆர்09. மின்சார வேலைக்கு எம்இ05. இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு.

வகைக்குள்ளே படிகள் வருகின்றன. பொதுக் கட்டட வேலையில் கீழ்ப்படி சி3. அதற்கு மேல் சி2, சி1, பி2, பி1, ஏ2, உச்சியில் ஏ1. ஏ1 நிறுவனத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. மற்ற படிகளில் ஒவ்வொரு குத்தகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு ஆண்டுதோறும் ஜூலை மாதம் மறுஆய்வு செய்யப்படுகிறது. ஆகவே, போன ஆண்டு நண்பர் சொன்ன தொகையை நம்பி விலை போடாதீர்கள். ஆணையத்தின் இணையத்தளத்தை அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி ஏற நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பணம் இருக்கிறதா? படித்த ஆள் இருக்கிறாரா? நிர்வாக முறை இருக்கிறதா? செய்த வேலைக்கு ஆதாரம் இருக்கிறதா? மேல்படிகளில் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ், 45001 பாதுகாப்புச் சான்றிதழ், 14001 சுற்றுச்சூழல் சான்றிதழ் என்று கூடிக்கொண்டே போகும். கட்டடம் கட்டுபவருக்கு இதோடு கட்டுநர் உரிமமும் தேவை. 2007ல் திருத்தப்பட்ட கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆறு மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத வேலைகளுக்கு இரண்டாம் பிரிவு உரிமமும், அதற்கு மேல் முதல் பிரிவு உரிமமும் வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளில் நம்மவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? பணத்தில் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பார்த்த வரையில் நான்காவது கேள்வியில்தான்.

மாமாவின் பிஸ்கட் டின்

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் தாய்மாமா சாயக் குத்தகை எடுத்தவர். எட்டுப் பத்துப் பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். பெரிய நிறுவனம் வேலையை எடுக்கும். அது இன்னொருவரிடம் கொடுக்கும். அவர் மாமாவிடம் கொடுப்பார். அதாவது மாமா மூன்றாம் கை. தோ பாயோ, பிடோக், அங் மோ கியோ என்று அவர் கை படாத வட்டாரம் குறைவு.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், "ஏம்மா, நீதானே இங்கிலீஷ்ல நல்லா எழுதுவே, இந்த பாரத்தை நிரப்பிக் கொடு" என்று பதிவு விண்ணப்பத்தோடு வந்தார். முதல் பக்கங்களை எளிதாக நிரப்பிவிட்டோம். கடந்த மூன்றாண்டுகளில் முடித்த வேலைகள் என்ற பகுதி வந்தது. வேலை கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு, எப்போது முடிந்தது, அத்தாட்சி எங்கே?

மாமா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொட்டினார். உள்ளே இருந்தவை நாம் எல்லாரும் அறிந்த 555 நோட்டுப் புத்தகங்கள். யாருக்கு எத்தனை நாள் சம்பளம், எத்தனை டின் சாயம், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்று அழகாக எழுதி வைத்திருந்தார். வேலை கொடுத்ததாக ஒரு கடிதம்கூட இல்லை. முடித்ததாக ஒரு கையெழுத்து இல்லை. பணம் பெரும்பாலும் ரொக்கமாக வந்திருந்தது.

"மாமா, இதையெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"நான் அடிச்ச புளோக் எல்லாம் அங்கேயேதானேம்மா நிக்குது? போய்ப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எந்த அதிகாரியும் சுவரைப் பார்த்து, இது யார் கைவேலை என்று சொல்லிவிட முடியாது. மாமா வேலை கொடுத்தவர்களிடம் போய்க் கடிதம் கேட்டார். ஒருவர் நிறுவனத்தை மூடிவிட்டிருந்தார். இன்னொருவர், "உனக்குக் கடிதம் கொடுத்தால் நாளைக்கு நீயே எனக்குப் போட்டியாக வருவாய்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இருபது ஆண்டு உழைப்பு, அந்தப் பாரத்தில் வெறும் கோடாக நின்றது. அன்று மாமா அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப டின்னில் அடுக்கியதை நான் இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தனியார் நிறுவனமாகப் பதிந்தார். நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தார். சின்ன வேலையானாலும் கடிதம் இல்லாமல் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதனால் சில வேலைகள் கைநழுவிப் போயின. வேலை முடிந்த அன்றே கையெழுத்து வாங்கினார். மூன்றாண்டுகள் கழித்து மறுபடியும் விண்ணப்பித்தார். பழுதுபார்ப்பு, சாயப்பூச்சு வகையில் கீழ்ப்படியில் அவருக்கு இடம் கிடைத்தது. முதல் நான்கு ஏலக்குத்தகைகளில் தோற்றார். ஐந்தாவது கிடைத்தது.

பணம்: தாளில் இருப்பதும் கையில் இருப்பதும்

பொதுக் கட்டட வேலையில் சி3 படிக்குச் செலுத்திய மூலதனமும் நிகர மதிப்பும் 25,000 வெள்ளி என்பது கீழெல்லை. சி1 படிக்கு 300,000 வெள்ளி. ஏ1 படிக்கு 15 மில்லியன் வெள்ளி. "25,000 தானே, கடன் வாங்கிப் போட்டுவிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். உங்களிடம் பத்து ஊழியர்கள். சம்பளம், வெளிநாட்டு ஊழியர் தீர்வை, தங்குவிடுதிக் கட்டணம், தொங்குமேடை வாடகை, சாயம், காப்புறுதி எல்லாம் சேர்த்து மாதம் 35,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வேலையைக் கணக்குக் காட்டி, அது ஒப்புக்கொள்ளப்பட்டு, பணம் கைக்கு வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டால், உங்கள் கையிலிருந்து போனது 105,000 வெள்ளி. உத்தரவாதத் தொகை வேறு கட்ட வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பகுதியைக் குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். ஆகவே பதிவுக்குத் தேவையான தொகை வேறு, வேலையை இழுத்துச் செல்லத் தேவையான தொகை வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். படிக்குரிய உச்சவரம்பு ஒரு குத்தகைக்குத்தான். ஒரே சமயத்தில் நான்கு குத்தகை எடுக்க அது தடையில்லை. விழுந்தவர்களில் பலர் வேலை கிடைக்காமல் விழவில்லை, தாங்க முடியாத அளவுக்கு வேலை எடுத்து விழுந்தவர்கள்.

சரி, செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் என்ன செய்வது? 2004ல் நிறைவேறி, 2005 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் பணப்பட்டுவாடா உத்தரவாதச் சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. "எனக்கு மேலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற நிபந்தனை இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. முறைப்படி கோரிக்கை கொடுத்தும் பணம் வராவிட்டால், சிங்கப்பூர் சமரச நிலையத்தின் வழியாகத் தீர்ப்பாளரிடம் போகலாம். வழக்குமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தும். "நம்ம ஆளு, பேச்சு மாற மாட்டார்" என்று வாய்வார்த்தையில் வேலை எடுத்தவருக்கு இந்தக் குடை கிடைக்காது. கடிதம் வாங்கி வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது பதிவுக்காக மட்டும் இல்லை. உங்கள் ஊழியரின் சம்பளமும் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது.

ஆள்: இரவல் சான்றிதழ் வேண்டாம்

ஒவ்வொரு படிக்கும் இத்தனை பட்டதாரி, இத்தனை பட்டயக் கல்வி பெற்ற தொழில்நுட்பர் என்று கணக்கு இருக்கிறது. அவர்கள் உங்கள் நிறுவனத்தில் முழுநேரமாக வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். தெரிந்த பொறியாளர் ஒருவரின் சான்றிதழை இரவல் வாங்கி, மாதம் கொஞ்சம் பணம் கொடுத்துப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளும் குறுக்குவழியை யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மத்திய சேமநிதிக் கணக்கும் வேலை அனுமதிப் பதிவும் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பதிவும் போகும், பெயரும் போகும்.

இதைவிட நல்ல வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து உங்களிடம் வேலை செய்யும் இளைஞர்களில் எத்தனை பேர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் என்று விசாரித்திருக்கிறீர்களா? ஊரில் படித்துவிட்டு இங்கே சிமெண்டு குழைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களின் கல்வித் தகுதி ஏற்கப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். மேற்பார்வைப் பயிற்சிக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டுமானத் துறை படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். "என்னோடு போகட்டும் இந்தத் தூசித் தொழில்" என்று சொல்லும் அப்பாக்கள்தான், பத்து வருடம் கழித்து, தொழிலைக் கொடுக்க ஆளில்லையே என்று வருந்துகிறார்கள்.

பாதுகாப்பு இனி ஒரு மதிப்பெண்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நான்கு பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ல் வந்தது. இன்று பாதுகாப்பு, ஏலக்குத்தகைத் தகுதியோடு நேரடியாகப் பின்னப்பட்டிருக்கிறது.

2024 ஏப்ரல் முதல் பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகை மதிப்பீட்டில் பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காட்டு எடை கொடுக்கப்படுகிறது. 25 குற்றப்புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்ற குத்தகையாளர் பொதுத்துறை ஏலக்குத்தகையில் கலந்துகொள்ளத் தற்காலிகமாகத் தடை விதிக்கப்படுகிறார். வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் உரிமையும் பாதிக்கப்படும். கட்டுமானத்தில் ஆள் எடுக்க முடியாவிட்டால் மூச்சு நின்ற மாதிரிதான்.

சிறு நிறுவனங்கள் பிஸ்சேஃப் திட்டத்தில் தொடங்கலாம். முதல் நிலையில் முதலாளியே பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே மேலாளரை அனுப்பிவிட்டு நீங்கள் கோப்பிக் கடையில் உட்கார முடியாது. இரண்டாம் நிலையில் ஊழியர் ஒருவர் இடர் மதிப்பீடு கற்றுவருவார். மூன்றாம் நிலையில் தணிக்கையாளர் வந்து, கற்றது வேலையிடத்தில் நடக்கிறதா என்று பார்ப்பார். பல ஏலக்குத்தகை அறிவிப்புகளில் இந்த மூன்றாம் நிலையைக் கேட்கிறார்கள். சான்றிதழுக்காகத் தொடங்கினாலும் பரவாயில்லை. உயரத்தில் நிற்பவன் இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் அவன் வீட்டில் தொலைபேசி மணி அடிக்கும்போது யாரும் பயப்பட வேண்டியதில்லை.

மலிவு மட்டும் போதாது

"குறைந்த விலை போட்டால் கிடைத்துவிடும்" என்பது பழைய எண்ணம். விலை, தரம் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் முறை வந்துவிட்டது. முன்பு செய்த வேலையின் தரம், குறித்த நாளில் முடித்தாரா என்பது, பாதுகாப்பு எல்லாம் அதில் கணக்கில் வருகின்றன. கட்டட வேலைத் தரத்தை அளக்கும் கான்குவாஸ் முறை 1989 முதல் இருக்கிறது. தரை ஓட்டின் இடைவெளியிலிருந்து கதவு மூடும் விதம் வரை அளந்து பார்க்கிறார்கள்.

என் மாமா அந்த ஐந்தாவது ஏலக்குத்தகையை எப்படிப் பெற்றார் தெரியுமா? நான்கு முறை தோற்ற ஆத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டார். வேலை கிடைத்தது. மழை பெய்தது. சாயம் காயவில்லை. நாள் இழுத்தது. முடிவில் கையிலிருந்து போட்டுத்தான் முடித்தார். அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது. ஆனால் வேலையைப் பாதியில் விடவில்லை. முடித்த சான்றிதழ் கைக்கு வந்தது. அடுத்த ஏலக்குத்தகையில் அந்தச் சான்றிதழ் அவருக்காகப் பேசியது. இந்த முறை சரியான விலையில். நட்டத்தை ஈடுகட்ட அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இன்று நிறுவனத்தை அவர் மகன் நடத்துகிறான். விலை போடும் நாளில் மட்டும் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

மூன்றாண்டுத் திட்டம்

இப்போது தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு: நிறுவனத்தை முறையாகப் பதியுங்கள். வரவு செலவு வங்கி வழியே நடக்கட்டும். எல்லா ஊழியருக்கும் சம்பளச் சீட்டு கொடுங்கள். கணக்காளர் ஒருவரை அமர்த்துங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்பு வையுங்கள். வேலை ஆணைக் கடிதம், கூடுதல் வேலைக்கான கடிதம், கணக்குகள், பணம் வந்த சான்று, முடித்த சான்றிதழ் ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன கூடுதல் வேலையை அன்றிரவே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி உறுதி கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டு: பிஸ்சேஃப் மூன்றாம் நிலைக்கு வாருங்கள். தகுதியுள்ள ஆளை எடுங்கள் அல்லது இருப்பவரைப் படிக்க வையுங்கள். அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸ் இணையத்தளத்தையும் நகர மன்ற அறிவிப்புகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். விண்ணப்பிக்காவிட்டாலும் என்ன கேட்கிறார்கள் என்று படியுங்கள். எந்த வேலை வகை, எந்தப் படி என்று உங்களுக்கே தெளிவாகும்.

மூன்றாம் ஆண்டு: உங்களுக்குப் பொருந்தும் ஒரே ஒரு வகையில் விண்ணப்பியுங்கள். நான்கு வகையில் ஆசைப்பட வேண்டாம். பதிவு மூன்றாண்டுகளுக்குச் செல்லும். அது முடிவதற்குள் புதிய வேலைகளின் ஆதாரம் சேர்ந்திருக்க வேண்டும். இடத்தைச் சுற்றிக்காட்டும் நாளைத் தவறவிடாதீர்கள். தோற்றால், வெற்றி பெற்றவரின் விலையைப் பார்த்து உங்கள் கணக்கைத் திருத்துங்கள்.

மேல்படியில் இருப்பவர்களுக்கு

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது மேல்படியில் இருக்கும் குத்தகையாளர்களுக்கு. இந்த முறையில் ஒரு முடிச்சு இருப்பதை நான் மறுக்கவில்லை. வேலை கிடைக்க ஆதாரம் வேண்டும், ஆதாரம் கிடைக்க வேலை வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் நுனி உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களுக்காக வேலை செய்த துணைக் குத்தகையாளருக்கு எழுத்தில் ஆணை கொடுங்கள். முடித்ததும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்.

அவர் போட்டிக்கு வந்துவிடுவார் என்று அஞ்சாதீர்கள். கணக்கு வைக்கத் தெரிந்த, பாதுகாப்பு தெரிந்த, சம்பளத்தைத் தேதியில் கொடுக்கும் துணைக் குத்தகையாளர் உங்களுக்குப் பலமாகத்தான் இருப்பார். காகிதமே இல்லாத ஒருவர் நடுவில் நொடித்துப்போனால், தடுமாறப் போவது உங்கள் வேலைதான். அதற்கும் கீழே, மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பக் காத்திருக்கும் ஊழியர் நிற்கிறார். அவருக்கும் கீழே யாரும் இல்லை.

அன்பு நேயர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள். 555 நோட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் வருந்த வேண்டாம். நாளைக் காலையில் தொடங்கும் வேலைக்குக் கடிதம் கேளுங்கள். உங்கள் மூன்றாண்டுக் கணக்கு அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கட்டும்.